சீனித்துளசி துளசியும் அல்ல, மருந்தும் அல்ல!

"சீனித்துளசிப் பொடி போட்டு டீ குடிங்க, சுகர் இறங்கிடும், மாத்திரையே வேண்டாம்" என்று யாராவது சொல்லி நீங்களும் கேட்டிருப்பீர்கள். இதில் எனக்கு உடன்பாடு இல்லை நண்பர்களே. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் பெயர். ஸ்டீவியா துளசிக் குடும்பமே அல்ல. சூரியகாந்திக் குடும்பத்துச் செடி. சொந்த ஊர் தென்னமெரிக்காவில் உள்ள பராகுவே. அங்குள்ள குவாரானி பழங்குடியினர் மாத்தே என்ற கசப்புப் பானத்தை இனிப்பாக்க இந்த இலையைப் பயன்படுத்தினார்கள். 1899-ல் பெர்த்தோனி என்ற தாவரவியலாளர் இதை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். நாம் 'துளசி' என்று பெயர் வைத்தோம், மூலிகை என்ற மரியாதையும் கூடவே ஒட்டிக்கொண்டது!

அடுத்து வேதியியல். ஸ்டீவியால் என்ற மூலக்கூறில் மூன்று குளுக்கோஸ் இணைந்தால் ஸ்டீவியோசைடு. நான்கு இணைந்தால் ரெபாடியோசைடு-ஏ. இதில் பின்கசப்பு குறைவு. சர்க்கரையைவிடச் சுமார் 200 முதல் 300 மடங்கு இனிப்பு. குளுக்கோஸ் இருக்கிறதே, சுகர் ஏறாதா? ஏறாது. நம் சிறுகுடல் நொதிகளால் அதை வெட்ட முடியாது. பெருங்குடல் பாக்டீரியாக்கள்தான் வெட்டுகின்றன. மிஞ்சும் ஸ்டீவியாலைக் கல்லீரல் மாற்றி, சிறுநீரில் அனுப்பிவிடுகிறது.

ஆனால் சுகரை ஏற்றாது என்பது வேறு, இறக்கும் என்பது வேறு. இந்த இரண்டையும் குழப்புவதில்தான் ஆபத்தே இருக்கிறது. ரத்த அழுத்தம் குறைந்ததாகச் சில ஆய்வுகள் சொன்னது உண்மை. ஆனால் அவற்றில் தினமும் 750 முதல் 1500 மில்லிகிராம் ஸ்டீவியோசைடு கொடுத்தார்கள். ஒரு கப் டீக்குத் தேவைப்படுவதோ சில பத்து மில்லிகிராம்தான். வேறு சில ஆய்வுகளில் அந்தப் பலனும் தெரியவில்லை. இந்தியாவில் 2015-ல் அனுமதி கிடைத்ததும் இனிப்பூட்டியாகத்தான், மருந்தாக அல்ல. உடல் எடையைக் குறைக்க ஸ்டீவியா உள்ளிட்ட இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் 2023-ல் சொல்லிவிட்டது.

இன்னொன்று, பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். அளவு கூட்டுவதற்காகச் சில பொடிகளில் மால்டோடெக்ஸ்ட்ரின் கலப்பார்கள். அது சுகரை ஏற்றும்!

நான் ஸ்டீவியாவுக்கு எதிரி அல்ல. சர்க்கரைக்குப் பதிலாக டீயில் தாராளமாகப் போடுங்கள். மாத்திரைக்குப் பதிலாக மட்டும் வேண்டாம். வீட்டில் அப்படி யாராவது மாத்திரையை நிறுத்தியிருந்தால், இன்றே டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.