ஊரைக் கேட்காமல் செடியை வாங்காதீர்கள்

கைக்கடக்கமான தொட்டி. அதில் ஒரு செடி, வெளிர்பச்சை இலைகளை வட்டமாக விரித்து மண்ணோடு படிந்து கிடக்கிறது. எட்ட நின்று பார்ப்பவர்கள் கள்ளி வகை என்று நினைத்துக் கடந்துபோவார்கள். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால்தான் இலை முழுக்க மயிரிழை போன்ற காம்புகளும், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு பசைத்துளியும் தெரியும். கடுகளவுகூட இல்லாத ஈ ஒன்று அந்தப் பசையில் சிக்கிக் காலை உதறிக்கொண்டிருக்கும். சில நாளில் அந்த இடத்தில் வெறும் கூடு ஒரு கரும்புள்ளியாக மிஞ்சும்.

இதன் பெயர் பட்டர்வொர்ட். அறிவியல் பெயர் பிங்குயிகுலா. லத்தீனில் ‘பிங்குயிஸ்’ என்றால் கொழுப்பு. இலையைத் தொட்டால் வெண்ணெய் தடவியதுபோல் வழவழக்கும். காம்புள்ள சுரப்பிகள் பூச்சியை ஒட்டிப் பிடிக்கின்றன. காம்பில்லாத இன்னொரு வகைச் சுரப்பிகள் செரிமான நீரை விடுகின்றன. சத்தில்லாத இடத்தில் வேர் தேடித்தர முடியாத நைட்ரஜனை இலை இப்படிச் சம்பாதித்துக்கொள்கிறது.

இதைக் ‘கொசு ஒழிக்கும் செடி’ என்று சொல்லி விற்பது சரியல்ல. ஈரத் தொட்டிகளின் மேல் பறக்கும் குட்டி ஈக்களைத்தான் இது நன்றாகப் பிடிக்கும். அதற்காகவே ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் தொட்டிகளுக்கு நடுவே இதை வைப்பதுண்டு. கொசுவுக்குப் பயந்து வாங்குபவர்கள் வலையையே நம்பலாம்.

இந்தச் செடியின் சாப்பாட்டுக் கணக்கை முதலில் உருப்படியாக எடுத்தவர் சார்லஸ் டார்வின். பூச்சியுண்ணும் தாவரங்கள் பற்றி 1875-ல் அவர் வெளியிட்ட நூலில் இதற்குத் தனி அத்தியாயமே இருக்கிறது. வடக்கு வேல்ஸிலிருந்து நண்பர் ஒருவர் அனுப்பிய 39 இலைகளை அவர் ஆராய்ந்தார். அவற்றில் 32 இலைகள் மொத்தம் 142 பூச்சிகளைப் பிடித்திருந்தன. 19 இலைகளில் வேறு செடிகளின் சின்ன இலைகளும் ஒட்டியிருந்தன. மகரந்தத்தையும் விதைகளையும் வைத்துச் சோதித்தபோது, அவற்றிலிருந்தும் செடி சத்தை எடுப்பதைக் கண்டார். பாதி சைவம் என்றே சொல்லலாம்!

ஆனால், டார்வின் பார்த்த செடியை நம்மூர் ஜன்னலில் வைத்தால் பிழைக்காது. அது வட ஐரோப்பாவின் சதுப்பு நிலங்களில் வளரும் வல்காரிஸ் இனம். குளிர்காலத்தில் இலைகளை உதிர்த்து, இறுகிய மொட்டாகச் சுருங்கி, உறைபனியில் உறங்கும். அந்தக் குளிர் கிடைக்காவிட்டால் செத்துப்போகும். சென்னையில் இதை வளர்க்க ஆசைப்படுபவர் ஃபிரிட்ஜில் இடம் ஒதுக்க வேண்டியிருக்கும்.

மெக்சிகோ இனங்களின் சங்கதி வேறு. உலகில் இருக்கும் சுமார் 100 பட்டர்வொர்ட் இனங்களில் ஏறத்தாழப் பாதி அந்த நாட்டின் மலைகளில்தான். மொரானென்சிஸ் என்ற இனம் ஹிடால்கோ மாநிலத்தின் மொரான் சுரங்கத்தருகே இயற்கை ஆய்வாளர்கள் ஹம்போல்ட்டும் போன்ப்லானும் சேகரித்தது. பெயரும் அந்தச் சுரங்கத்திலிருந்தே வந்தது. அங்கே மழைக்காலத்தில் பெரிய, ஒட்டும் இலைகள். வறண்ட குளிர்காலத்தில் அவை போய், சின்னச் சின்னதாய்ச் சதைப்பிடித்த இலைகள் நெருக்கமாக வரும். அவற்றில் பசை இருக்காது. இந்தச் சமயத்தில்தான் பலர் ‘செடி வாடுகிறது’ என்று பதறித் தண்ணீரை ஊற்றி அழுகவிடுகிறார்கள். அப்போது அதைக் கிட்டத்தட்டக் காயவிடுவதே வைத்தியம். அந்தக் குட்டி இலைகளில் இரண்டைக் கிள்ளி ஈர மணல்மேல் வைத்தால், சில வாரங்களில் அடியில் புதுச் செடி முளைத்து நிற்கும்.

அடையாளம் காண்பதும் கடினமில்லை. நம்மூர் அழுகண்ணியும் பசையால் பூச்சி பிடிப்பதுதான். ஆனால், அதன் சிவந்த நீளமான உணர்கொம்புகள் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். பட்டர்வொர்ட்டின் காம்புகளோ மிகக் குட்டை. பூத்துவிட்டால் சந்தேகமே வேண்டாம்: உயர்ந்த தண்டில் ஒற்றைப் பூ, ஐந்து மடல்கள், பின்பக்கம் வால்போல நீளும் குழல். ஊதாவும் இளஞ்சிவப்பும் அதிகம். இமயமலையில் வளரும் அல்பினா இனத்தில் வெள்ளைப் பூவின் தொண்டையில் மஞ்சள் புள்ளிகள் இருக்கும்.

வளர்ப்பில் பெரிய தலைவலி தண்ணீர்தான். மெக்சிகோ இனங்கள் பல சுண்ணாம்புப் பாறையில் வளர்வதால் உப்புத் தண்ணீரும் ஒத்துக்கொள்ளும் என்ற வாதம் பாதிதான் சரி. சுண்ணாம்பைப் பொறுத்துக்கொள்ளும் அந்த இனங்கள்கூட, போர்வெல் தண்ணீரில் சேர்ந்து வரும் மற்ற உப்புகள் தொட்டியில் படியப்படியத் திணறும். ஆர்ஓ தண்ணீரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. சுவைக்காகத் தாதுக்களைத் திரும்பச் சேர்க்கும் இயந்திரங்கள் இருக்கின்றன. டிடிஎஸ் மீட்டரை நனைத்துப் பார்த்து, 100-க்குக் கீழே காட்டினால் ஊற்றலாம். மாடியில் வாளியை வைத்துப் பிடிக்கும் மழைநீருக்கு ஈடு இல்லை.

மண்ணில் செலவு குறைவு: பெர்லைட், கழுவிய சிலிக்கா மணல், கொஞ்சம் பீட். தென்னை நார்க்கழிவு என்றால் பலமுறை ஊறவைத்து உப்பைக் கழுவியாக வேண்டும். சாணமும் மண்புழு உரமும் அந்தப் பக்கமே வரக் கூடாது. ரோஜாவுக்குக் காட்டும் செல்லம் இதற்கு விஷம். கிழக்கு ஜன்னலின் காலை வெயில் போதும். சித்திரை, வைகாசி வெயிலில் நிழலும் காற்றோட்டமும் கட்டாயம்.

இத்தனையும் இனத்தின் பெயர் தெரிந்தால்தான் பயன்படும். ஆகவே, வாங்கும்போது பூ எப்படி இருக்கும், என்ன விலை என்பதற்கு முன்னால், இது எந்த இனம், எந்த ஊர்ச் செடி என்று கேளுங்கள். ‘பூச்சி தின்னும் செடி சார்’ என்பதற்கு மேல் பதில் வராவிட்டால், பணத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.