மகரந்தத் தூளின் சாட்சியம்

மார்கழி மாதத்தில் கோலத்தின் நடுவே வைப்பதற்காகப் பூசணிப் பூப் பறிக்கும் பெண்மணிகளின் விரல்களில் மஞ்சள் தூள் ஒட்டிக்கொள்வதுண்டு. அதைப் புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். ஆனால் அத்தகைய தூளின் பூர்வீகத்தைத் தேடித் தாவர சாஸ்திரிகள் பூமியையே குடைந்துகொண்டிருக்கிறார்கள் என்றால் நேயர்கள் வியப்படையக்கூடும்.

இந்தத் தேடலுக்கு அடிப்படையாயிருந்தது ஒரு பெரியவரின் மனக்குறை. பரிணாமக் கொள்கையை நிலைநாட்டிய சார்லஸ் டார்வின், 1879-ம் வருஷம் தம் நண்பர் ஜோஸப் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தில், பூக்கும் தாவரங்கள் விரைவாகப் பெருகிய விஷயத்தை அருவருக்கத்தக்கதொரு மர்மம் என்னும் பொருள்பட வர்ணித்தார். ஜீவராசிகள் படிப்படியாகவே மாறுதல் அடைகின்றன என்பது அவர் கண்ட உண்மை. பாறைகளோ வேறு விதமாகப் பேசின. கீழ் அடுக்குகளில் பெரணிகளும் ஊசியிலை மரங்களுமே இருந்தன. மேலே வந்ததும் பூக்கும் மரங்களின் இலைகள் கூட்டங் கூட்டமாகத் தென்பட்டன. பெற்றோர் இன்னார் என்று தெரியாமல் பிள்ளைகள் மட்டும் ஊர் நிறைய வந்து நின்றால் எப்படியிருக்கும்? டார்வினின் கொள்கைக்கே அது ஒரு சோதனை அல்லவா?

புஷ்பங்களையே தேடிப் பார்க்கலாமே என்று தோன்றலாம். புஷ்பம் ஒரு நாளில் வாடிப் போவது. கல்லில் பதிந்து நிற்பது அபூர்வம். மகரந்தத்தின் சங்கதி அப்படியல்ல. அதன் புறத்தோல் ஸ்போரோபொலனின் என்னும் வஸ்துவால் ஆனது. திராவகங்களுக்கும் எளிதில் அசையாத உறுதி அதற்கு உண்டு. ஆகவே, ஏரிச் சேற்றில் விழுந்து, சேறு கல்லாகி, கோடிக்கணக்கான ஆண்டுகள் கழிந்த பின்பும் அத்தூள் உருக்குலையாமல் இருக்கிறது. ஆராய்ச்சியாளர்கள் அந்தக் கல்லை ஹைட்ரோபுளோரிக் திராவகத்தில் இடுவார்கள். கல் கரைந்துவிடும், மகரந்தம் எஞ்சி நிற்கும். பிறகு வேலை பூதக்கண்ணாடியினுடையது.

அதன் மூலம் பார்த்தால் ஒவ்வொரு மணியும் ஒரு சிற்பம். ஊசியிலை மரங்களின் தூளில் பெரும்பாலும் ஓட்டின் உட்புறம் பஞ்சு போலிருக்கும். பூக்கும் தாவரங்களின் தூளிலோ, தளம், தூண்கள், கூரை என்று மண்டபம் போல் அமைப்பு உண்டு. மேலும், மணி முளைத்து வெளிவருவதற்கான பள்ளம் தென்னை முதலியவற்றில் ஒன்றே. மாமரம் முதலிய எண்ணற்ற ஜாதிகளில் மூன்று. இன்றுள்ள பூக்கும் தாவரங்களில் ஏறக்குறைய முக்காற்பங்கு இந்த மூன்று பள்ளக் குலத்தைச் சேர்ந்தவை.

இந்த அடையாளங்களைக் கொண்டு ஜேம்ஸ் டாயில், லியோ ஹிக்கி என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், மேரிலாந்து, வர்ஜீனியா பிரதேசங்களிலுள்ள பொடோமாக் பாறைகளை அடுக்கடுக்காகச் சோதித்தார்கள். முன்னவர் மகரந்தத்தையும் பின்னவர் இலைகளையும் கவனித்தார். 1970-களில் அவர்கள் வெளியிட்ட முடிவு மிகவும் ருசிகரமானது. அடியில் ஒற்றைப் பள்ள மணிகள். அதற்கு மேல் மூன்று பள்ள மணிகள். இன்னும் மேலே பள்ளத்துடன் துவாரமும் அமைந்த மணிகள். இலைகளும் அவ்வாறே, கீழே எளியனவாகவும் மேலே பல வடிவினவாகவும் இருந்தன. டார்வின் எதிர்பார்த்த படிகள் அங்கே கல்லில் வரிசையாகக் கிடந்தன!

நமது குளங்களில் அக்கா தங்கை போல் விளங்கும் தாமரையையும் அல்லியையும் பற்றி இந்தத் தூள் சொல்லும் செய்தி இன்னும் வேடிக்கையானது. தாமரையின் மகரந்தத்தில் மூன்று பள்ளங்கள் உண்டு. அல்லியின் மகரந்தத்தில் இல்லை. அல்லி மிகப் பழைய கிளையைச் சேர்ந்தது. உறவு முறையில் தாமரைக்கு அல்லியைவிட மாமரமே நெருங்கிய பந்து!

ஆனால் முதற் பாட்டி யார் என்னும் கேள்வி இன்னும் தீர்ந்தபாடில்லை. பூக்கும் தாவரங்களுடையது என்று பலரும் ஒப்புக்கொண்ட மிகப் பழைய மகரந்தம், இங்கிலாந்து, இஸ்ரேல் முதலிய நாடுகளில் கிடைத்தது; வயது சுமார் 13 கோடி ஆண்டுகள். 2013-ல் பீட்டர் ஹோகுலியும் ஸுஸான் பைஸ்ட்-பர்க்ஹார்ட்டும் ஸ்விட்ஸர்லாந்தின் ஆழ்துளைகளிலிருந்து, அதையொத்த மணிகளை எடுத்துக் காட்டினார்கள். அவற்றின் வயது சுமார் 24 கோடி! இடையே 11 கோடி ஆண்டுகள் மௌனம். அவை மெய்யான முன்னோர்களா, உருவ ஒற்றுமை கொண்ட அந்நியர்களா என்பதில் அறிஞர்கள் உடன்படவில்லை.

இத்தகைய விஷயங்களில் எச்சரிக்கை எவ்வளவு அவசியம் என்பதற்கு நம் தேசத்திலேயே உதாரணம் உண்டு. தாவர சாஸ்திர மேதை பீர்பால் ஸாஹனி, 1940-களில் பஞ்சாபின் உப்பு மலைப் பாறைகளில் பூக்கும் தாவரங்களின் நுண்ணிய துணுக்குகளைக் கண்டு, அம்மலையின் உப்பு சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு உட்பட்டது என்று வாதித்தார். அது 50 கோடி ஆண்டுகளுக்கும் முந்தியது என்பதே இன்றைய பூமிசாஸ்திரிகளின் முடிவு. அத்துணுக்குகள் பின்னாளில் புகுந்தவை என்று கருதுகிறார்கள். காற்றில் மிதக்கும் தூள் எங்குதான் புகாது? சாட்சி உண்மையானவராகவே இருக்கலாம். சம்பவ ஸ்தலத்தில் இருந்தாரா என்று விசாரிக்காமல் தீர்ப்புக் கூறலாகாது.

இந்தப் பிணக்கால் ஸாஹனியின் பெருமை குறைந்துவிடவில்லை. லக்னோவில் அவர் நிறுவிய ஸ்தாபனத்தின் கட்டிடத்துக்கு 1949-ம் வருஷம் ஏப்ரல் 3-ந் தேதி ஜவாஹர்லால் நேரு அஸ்திவாரக் கல் நாட்டினார். ஒரு வாரத்திற்குள் ஸாஹனி காலமானார். அவர் பெயர் தாங்கிய அந்த ஸ்தாபனத்தில் புராதன மகரந்த ஆராய்ச்சி இன்றும் நடந்து வருகிறது.

வீட்டில் தாவர சாஸ்திரம் படிக்கும் பிள்ளையோ பெண்ணோ இருந்தால், தாமரைத் தூளையும் அல்லித் தூளையும் கல்லூரிக்கு எடுத்துச் சென்று பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கண்டதைப் படம் எழுதி வந்து காட்டட்டும். வம்சாவளியின் இரண்டு கிளைகளை வீட்டிலுள்ள யாவரும் கண்ணாரக் காணலாம்.