தலையெழுத்தா? மதிப்பெண்ணா?

நம் மக்கள் வீட்டில் குழந்தை பிறந்தவுடன் முதன்முதல் குறித்துக்கொள்ளப்படுவது, அது பிறந்த மணியும் நிமிஷமுமேயாகும். எதற்காக என்றால், ஜோசியனிடம் கொடுத்து ஜாதகம் கணிப்பதற்காகவேயாகும். ஆனால், அக்குழந்தை எப்போது மூச்சு விட்டது, உடல் எந்த நிறமாயிருந்தது என்று கேட்டுக் குறித்து வைப்பவர்கள் எத்தனை பேர்?

அமெரிக்காவில் வர்ஜீனியா அப்கார் என்கின்ற பெண் டாக்டர் இந்தக் கேள்விக்கே ஒரு முறை வகுத்து 1953-ல் வெளியிட்டார். இருதயத் துடிப்பு, மூச்சு, தசையின் முறுக்கு, தூண்டினால் காட்டும் உணர்ச்சி, நிறம் ஆகிய 5 குறிகளுக்கும் 0 முதல் 2 வரை எண் கொடுத்துக் கூட்ட வேண்டியது. முதல் நிமிஷத்திலும் 5-வது நிமிஷத்திலும் இப்படிக் கூட்டுகிறார்கள். மூச்சு விடாத குழந்தைக்கு முதல் நிமிஷத்திற்குள்ளாகவே உதவி தொடங்கிவிட வேண்டும். அவ்வுதவி பலித்ததா என்பதை இந்த எண் காட்டும். இதில் ராகுவுமில்லை, கேதுவுமில்லை.

"ஆயுசு அவ்வளவுதான், எழுதினவன் எழுதிவிட்டான்" என்று சொல்லும் வைதீகர்களை ஒன்று கேட்கின்றோம். இந்திய சர்க்காரின் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி 2020-ம் வருஷத்தில், உயிருடன் பிறந்த 1000 குழந்தைகளில் 28 நாளைக்குள் மாண்டவை மத்தியப் பிரதேசத்தில் 31, தமிழ்நாட்டில் 9, கேரளத்தில் 4. பிரமன் மாகாணத்துக்கு ஒரு எழுத்தாணி வைத்திருக்கிறானா? அல்லது தாயின் படிப்பும், ஆஸ்பத்திரியும், நர்சும் செய்த வேலையா? யோசித்துப் பாருங்கள்.

இதைவிடக் கொடுமை ஒன்றுண்டு. படித்த கூட்டத்தார் சிலர் ஜோசியனிடம் நாள் குறித்து வாங்கி வந்து, அந்த முகூர்த்தத்திலேயே வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுக்கச் சொல்லுகிறார்கள். அவசியமின்றி 39 வாரத்திற்கு முன் அப்படி எடுத்தால் குழந்தைக்கு மூச்சுத் திணறல் ஏற்படுவது அதிகம் என்பது வைத்திய சாஸ்திரம் கண்ட உண்மை. ஜாதகம் நன்றாயிருக்க வேண்டுமென்று நுரையீரலைப் பலி கொடுப்பதற்குப் பெயர் பக்தியா, புத்தியீனமா?

ஆதலால் ஒவ்வொரு பிரசவ ஆஸ்பத்திரியும் கணக்கு வைக்க வேண்டும் என்கின்றோம். எத்தனை பிறந்தன, எத்தனை மாண்டன, காரணம் குறைப்பிரசவமா, மூச்சடைப்பா, விஷக்கிருமியா? முதல் ஒரு மணிக்குள் சீம்பால் கிடைத்தவை எத்தனை? உடல் சூடு 36.5 டிகிரிக்குக் குறைந்தவை எத்தனை? குழந்தையைத் தொடுமுன் கை கழுவினவர் எத்தனை பேர்? இவற்றை மாதந்தோறும் கூட்டிப் பார்த்து, குறை கண்ட இடத்தைத் திருத்தி, திருந்தியதா என்று மறுபடியும் எண்ண வேண்டும்.

"கணக்கு வெளியானால் ஆஸ்பத்திரிக்குக் கெட்ட பெயர்" என்பார்கள். அந்தப் பயத்தினால்தான் பொய்க்கணக்கு எழுதப்படுகிறது. கஷ்டமான குழந்தைகளை ஏற்கும் பெரிய ஆஸ்பத்திரியில் சாவு கூடுதலாயிருப்பது இயற்கை. அதையும் சேர்த்தே கணிக்க வேண்டும். ஒரு நர்சின் தலையில் இருபது குழந்தைகளைக் கட்டிவிட்டு, பிறகு அந்த நர்சையே தண்டிப்பது கணக்கல்ல, அக்கிரமம். ஆள் போதாதென்று கணக்கு காட்டினால் ஆளைக் கொடுப்பதே சர்க்காரின் கடமை.

தோழர்களே! அடுத்த முறை உங்கள் வீட்டில் பிரசவமானால் "என்ன நக்ஷத்திரம்?" என்று கேட்காதீர்கள். "மூச்சு எப்படி, சூடு எப்படி, எடை எவ்வளவு, பால் குடித்ததா?" என்று கேளுங்கள். கேட்பவர்கள் பெருகினால் எழுதுகிறவர்களும் பெருகுவார்கள். தலையில் எழுதியதை எவனும் படித்ததில்லை. தாளில் எழுதியதைப் படிக்கலாம், திருத்தவும் செய்யலாம்.