டிக் போட்டா பிரேக் பிடிக்குமா?

பி.காம் படிக்கிற பையனுக்கும் ஃபோர்க்லிஃப்ட்டுக்கும் என்னடா சம்பந்தம்னு நீங்க கேக்கறது காதுல விழுது. போன வருஷம் வரைக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லீங்க. குடோன்ல பெட்டியைத் தூக்கி அடுக்கற மஞ்சக் கலர் வண்டி, அவ்வளவுதான் தெரியும். இப்போ அதைப் பத்தி ஒரு முழுக் கட்டுரை எழுதற அளவுக்குக் கோவம் இருக்கு. அந்தக் கோவத்துல பாதி என் மேலேயே.

நடந்ததை முதல்ல சொல்லிடறேன்.

செமஸ்டர் லீவுல பெருந்துறைப் பக்கம் ஒரு நூல் மில்லுக்கு ஒரு மாசம் ட்ரெயினிங் போனேன். சென்னிமலையில இருந்து தினமும் பஸ். மில் பேரு வேண்டாம். பேரைச் சொன்னா அது அந்த ஒரு மில்லோட குத்தம்னு நினைச்சுட்டு நீங்க அடுத்த வேலையைப் பாக்கப் போயிருவீங்க. என்னைப் போட்டது நூல் குடோன் ஸ்டோர்ஸ்ல. அங்க ஒரு பேட்டரி ஃபோர்க்லிஃப்ட். நூல் இருக்கற இடத்துல டீசல் வண்டி விட்டா புகை படியும், தீ பயமும் உண்டு. அதனால பேட்டரி வண்டி.

மூணாவது வாரம் வெளிநாட்டு பையர் தரப்புல இருந்து ஆடிட் வர்றாங்கன்னு பரபரப்பு. ஸ்டோர்ஸ்ல இருந்தவர் என் கையில ஒரு ரிஜிஸ்டரைக் குடுத்தார். ஃபோர்க்லிஃப்ட் தினசரி சோதனை ரிஜிஸ்டர். ஒரு நாளைக்கு 14 கேள்வி. பிரேக் சரியா, ஹாரன் சரியா, செயின் சரியா, ஆயில் லீக் இருக்கா, இப்படி. முந்தின மாசம் முழுக்க காலி. "ரெண்டு பேனா மாத்தி மாத்திப் போடு கண்ணு, அப்பத்தான் நெசமாட்டம் இருக்கும்" என்றார்.

26 வேலை நாள், 14 கேள்வி. 364 டிக். ஒரு டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள போட்டு முடிச்சேன். டிரைவர் அண்ணன் வந்து 26 கையெழுத்தை வரிசையா போட்டுட்டுப் போனார். ஆடிட் பாஸ். எல்லாருக்கும் லட்டு குடுத்தாங்க. நானும் ரெண்டு சாப்பிட்டேன்.

அதுக்கு அடுத்த வாரம் அந்த வண்டி மேல் அடுக்குல இருந்து ஒரு பேலட்டை இறக்கும்போது ஒரு பக்கமா சாஞ்சு, நூல் பெட்டி ரெண்டு சரிஞ்சது. கீழ நின்ன ஹெல்பர் ஒடிசாப் பையன், என் வயசுதான். கால் விரல் ரெண்டு நசுங்கிருச்சு. அரை அடி தள்ளி நின்னிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நான் இங்க எழுத விரும்பல.

இடது பக்க செயின் தொங்குதுன்னு டிரைவர் அண்ணன் ரெண்டு வாரமா சொல்லிட்டே இருந்தார். "சர்வீஸ்காரன் வருவான், அது வரைக்கும் பாத்து ஓட்டு" என்பதுதான் பதில். விசாரணையில ரிஜிஸ்டரைத் திறந்தாங்க. "செயின் நல்லா இருக்குன்னு நீயே கையெழுத்துப் போட்டிருக்கயே?" அஞ்சு நாள் சஸ்பென்ஷன் அவருக்கு. அந்த டிக் என்னோடது. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் என்னை ஒரு தடவை பாத்தார். ரெண்டு பேரும் வாயைத் திறக்கல.

சரி, இப்போ சண்டைக்கு வர்றேன்.

"டிரைவர் கவனக் குறைவு"

எந்த விபத்துக்கும் முதல்ல வர்ற வார்த்தை இது. ஆனா ஒரு பேட்டரி ஃபோர்க்லிஃப்ட்டை நிஜமாவே சோதிக்கறதுன்னா என்னன்னு பாருங்க. இதெல்லாம் அதுக்கப்புறம் அந்த அண்ணன்கிட்டயும் புத்தகத்துலயும் கத்துக்கிட்டது.

ஃபோர்க்: அந்த ரெண்டு இரும்புக் கையோட மடிப்பு இருக்கே, அங்கதான் தேய்மானம். தரையில உரசி உரசித் தேயும். தடிமன்ல பத்துல ஒரு பங்கு தேஞ்சா மாத்திடணும். "பத்து சதம்தானே" என்பீங்க. ஆனா வளையற இரும்போட பலம் தடிமனோட வர்க்கத்தைப் பொறுத்தது. 0.9 x 0.9 = 0.81. பத்து சதம் தேஞ்சா கிட்டத்தட்ட இருபது சதம் பலம் போச்சு. கணக்குல வீக்கான நானே போட்ட கணக்கு இது :)

செயின்: புதுசுல இருந்ததைவிட 2-லிருந்து 3 சதம் நீண்டா மாத்தணும். ஒரு மீட்டருக்கு ரெண்டு மூணு சென்டிமீட்டர். கண்ணுக்குத் தெரியாது, அளந்தாத்தான் தெரியும். ஆனா ரெண்டு செயின்ல ஒண்ணு விறைப்பா, ஒண்ணு தொங்கலா இருந்தா அது தினமும் ஓட்டறவன் கண்ணுக்குத்தான் முதல்ல தெரியும். அந்த அண்ணனுக்குத் தெரிஞ்சுது. சொன்னார்.

பேட்டரி: 48 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரின்னா ரெண்டு ரெண்டு வோல்ட்டா 24 செல். பேட்டரி தண்ணி சார்ஜ் ஏறி முடிச்ச பிறகுதான் ஊத்தணும், முன்னாடி ஊத்தினா சார்ஜ் ஏறும்போது ஆசிட் பொங்கி வழியும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். காத்துல அது 4 சதம் சேந்தாலே ஒரு தீப்பொறி போதும். அந்த குடோன்ல சார்ஜர் இருந்த மூலையில ஜன்னல் இருந்தது. அதை மறைச்சு காலி அட்டைப் பெட்டியும் அடுக்கி வெச்சிருந்தாங்க. "காற்றோட்டம் சரியா?" அதுக்கும் டிக் போட்டேன்.

ஹாரன்: டீசல் வண்டி வந்தா சத்தத்துலயே ஒதுங்குவோம். பேட்டரி வண்டி பூனை மாதிரி வரும். 1.5 டன் தூக்கற வண்டியே மூணு டன் பக்கம் கனம். அது சத்தமில்லாம பின்னால வர்ற இடத்துல ஹாரனும் ரிவர்ஸ் லைட்டும் அலங்காரம் இல்லீங்க.

இதோட டயர், பிரேக், ஸ்டியரிங், ஆயில் லீக், எமர்ஜென்சி ஸ்விட்ச். எல்லாம் சேத்து பத்து நிமிஷம். இப்போ லித்தியம் பேட்டரி வண்டி வந்தாச்சு, தண்ணி ஊத்தற வேலை இல்லைன்னு சிலர் சொல்றாங்க. வாஸ்தவம். லித்தியம் வந்தா செயின் தேயாதா? ஃபோர்க் தேயாதா? பிரேக்குக்கு வயசே ஆகாதா?

"பத்து நிமிஷத்துக்கு எங்க போறது?"

ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம், வருஷத்துக்கு 300 நாள். மொத்தம் 50 மணி நேரம். காஸ்ட் அக்கவுண்டிங் படிச்ச திமிர்ல சொல்றேன், இந்த 50 மணி நேரத்தை மிச்சம் பிடிக்கறவர் லாபம் பண்ணல. கடனைத் தள்ளிப் போடறார். வட்டி கட்டறது வேற ஆளு. எங்க மில்லுல அந்த வட்டியை ஒரு ஒடிசாப் பையனோட கால் கட்டுச்சு.

இன்னொரு வேடிக்கை. ஆயுத பூஜை அன்னிக்கு அதே வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வெச்சு, வாழைக்கன்னு கட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி நகர்த்துவோம். அதுக்கு அரை நாள் கிடைக்குது. நான் பூஜையைக் குறை சொல்லல, பொரி கடலை எனக்கும் பிடிக்கும். வருஷத்துக்கு ஒரு நாள் கும்பிடற ஆயுதத்தை மத்த 364 நாள் திரும்பிப் பாக்கறதில்லையேன்னுதான் கேக்கறேன்.

எங்க அப்பாரு மாட்டு வண்டி வெச்சிருந்தவர். மாட்டைப் பூட்டறதுக்கு முன்னாடி ரெண்டு சக்கரத்துக்கும் போய் கடையாணியைக் கையால தொட்டுப் பாத்துட்டுத்தான் ஏறுவாராம். அச்சுக்கு மசை இருக்கான்னு பாப்பாராம். அவர்கிட்ட ரிஜிஸ்டர் கிடையாது, கையெழுத்துப் போடவே வராது. ஆனா சோதனை நடந்தது. நம்மகிட்ட ரிஜிஸ்டர் இருக்கு, சோதனைதான் இல்லை. எங்க ஊர் மலையில 1984-ல ரெட்டை மாட்டு வண்டி 1320 படியும் ஏறினதை இன்னிக்கும் அதிசயமா பேசுவாங்க. அது முருகன் பாத்துக்கிட்டது. மில் குடோனையும் அவர் தலையில கட்டறது நியாயமா?

"வருஷா வருஷம் செக் பண்றோமே"

பண்றாங்க. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தோட 29-வது பிரிவு, தூக்கும் எந்திரங்களையும் செயின், கயிறுகளையும் 12 மாசத்துக்கு ஒரு தடவையாவது தகுதியான ஆள் முழுசா சோதிக்கணும்னு சொல்லிச்சு. அந்தப் பிரிவுல தூக்கும் எந்திரம்னா கிரேன், விஞ்ச், கப்பி மாதிரியான பட்டியல்தான். ஃபோர்க்லிஃப்ட்னு பேர் சொல்லவே இல்லை. பேர் இருந்திருந்தாலும், வருஷத்துக்கு ஒரு தடவை வர்றவருக்கு நேத்து தொங்கின செயின் எப்படித் தெரியும்?

அமெரிக்காவுல ஓஷா விதி, தினமும் ஒரு தடவையாவது வண்டியை ஓட்டறதுக்கு முன்னாடி பாக்கணும், ராத்திரி பகல் ஓடற வண்டின்னா ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் பிறகு பாக்கணும்னு சொல்லுது. பழுதுன்னா சரி பண்ற வரைக்கும் வண்டியை வேலையில இருந்து எடுத்துரணும். கடைசி வரிதான் முக்கியம். மத்ததெல்லாம் நம்ம ரிஜிஸ்டர்லயும் இருக்கு, இந்த ஒரு வரிதான் இல்லை.

நம்ம ஊர்லயும் 2020-ல போட்ட தொழிற்பாதுகாப்பு சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21-ல அமலுக்கு வந்தாச்சு. ஆபத்து நெருங்குதுன்னு பட்டா தொழிலாளி முதலாளிகிட்டயும், அதே நேரத்துல அரசு அதிகாரிகிட்டயும் சொல்லலாம்னு அதுல இருக்கு. நல்லது. ஆனா சொன்ன பிறகு அன்னிக்குக் கூலி யார் தருவாங்க? அடுத்த மாசம் வேலை இருக்குமா? உயிருக்கு ஆபத்துன்னு நியாயமா நினைச்சு வேலையை விட்டு விலகினவனைத் தண்டிக்கக் கூடாதுன்னு சர்வதேச தொழிலாளர் அமைப்போட 155-வது உடன்படிக்கை 1981-லயே சொல்லிருச்சு. பெருந்துறைக்கு அது இன்னும் பஸ் ஏறல.

எங்க பாடத்துல ஒரு நாய் வரும்

ஆடிட்டிங் பேப்பர்ல 1896-ம் வருஷத்துக் கேஸ் ஒண்ணு உண்டு. கிங்ஸ்டன் காட்டன் மில். பொருத்தத்தைப் பாருங்க, அதுவும் பஞ்சாலைதான். மேனேஜர் சரக்கு இருப்பைக் கூட்டிக் காட்டி சர்டிஃபிகேட் குடுத்தார், ஆடிட்டர் நம்பினார். சந்தேகப்பட காரணம் இல்லாதப்போ நம்பினது தப்பில்லைன்னு கோர்ட் சொல்லிச்சு. ஆடிட்டர் காவல் நாய், மோப்பம் பிடிக்கற வேட்டை நாய் இல்லைன்னு. பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணி எட்டு மார்க் வாங்கினேன்.

சரி, வேட்டை நாய் வேண்டாம். காவல் நாயாவது குரைக்கணுமே? சந்தேகப்படக் காரணம் அந்த ரிஜிஸ்டர்லயே இருந்தது. 364 டிக், ஒரு இன்ட்டு கூட இல்லை. தினமும் ஓடற ஒரு எந்திரத்துல ஒரு மாசமா ஒரு பல்பு கூட ஃபியூஸ் போகல, ஒரு சொட்டு ஆயில் ஒழுகல, ஒரு நாள் கூட தண்ணி குறையலன்னா அது வண்டியா, கைலாசத்துல இருந்து இறங்கினதா? வந்த ஆடிட்டர் பக்கத்தைப் புரட்டி, தலையை ஆட்டி, கையெழுத்துப் போட்டார்.

நான் சொல்ல வந்தது இதுதான். "இல்லை"ன்னு எழுத முடியாத ரிஜிஸ்டர் சோதனை ரிஜிஸ்டரே இல்லை. அது விபத்து நடந்தா டிரைவர் மேல பழி போடறதுக்கு முன்கூட்டியே வாங்கி வெச்ச கையெழுத்து. எங்க மில்லுல அது சரியா அந்த வேலையைத்தான் செஞ்சுது.

அதனால போஸ்டர் ஒட்டறது, பாதுகாப்பு வாரத்துல உறுதிமொழி எடுக்கறது எல்லாம் அப்புறம். முதல்ல மூணே மூணு. ஒண்ணு, வண்டியை ஓட்டறவர் மட்டும்தான் எழுதணும், அன்னிக்கு எழுதினதை அன்னிக்கே சூப்பர்வைசர் கையெழுத்துப் போடணும். ரெண்டு, பிரேக், செயின், ஃபோர்க், ஸ்டியரிங், இந்த நாலுல ஒண்ணுக்கு "இல்லை" விழுந்தா சாவி சூப்பர்வைசர் டிராயருக்குப் போகணும், வண்டி நகரக் கூடாது. மூணு, வண்டி நின்ன நேரத்துக்கும் டிரைவருக்கு முழுக் கூலி. இந்த மூணாவது இல்லைன்னா முதல் ரெண்டும் வெறும் காகிதம். வயித்துல அடிச்சுட்டு உண்மையை எழுதச் சொன்னா எவன் எழுதுவான்?

ஆடிட் பண்ண வர்றவங்களுக்கும் ஒண்ணு. டிக்கை எண்ணாதீங்க. இன்ட்டு எங்கன்னு தேடுங்க, அதை எப்போ சரி பண்ணாங்கன்னு கேளுங்க. இன்ட்டே இல்லைன்னா ரிஜிஸ்டரை மூடிட்டு குடோனுக்குப் போய் செயினைப் பாருங்க.

ட்ரெயினிங் முடிஞ்சு ரெண்டு வாரம் கழிச்சு அந்த அண்ணன் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். "நீ போடலீன்னா வேற யாராவது போட்டிருப்பாங்க கண்ணு, விடு" என்று சொல்லி காபி குடுத்தார். அவர் எனக்கு ஆறுதல் சொன்னார். அதுதான் இன்னும் தாங்கல. ஏன்னா அவர் சொன்னது அப்படியே உண்மை.

என்னை மாதிரி இந்த லீவுக்கு ட்ரெயினிங் போற பசங்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. உங்க கையிலயும் ஒரு நாள் ஒரு காலி ரிஜிஸ்டரும் ரெண்டு பேனாவும் வரும். பேனாவை மூடுங்க. முதல்ல எந்திரிச்சுப் போய் வண்டியைத் தொட்டுப் பாருங்க.