தொலைகாட்டியைப் பேணுவது யார்?

தொலைகாட்டியைச் சொத்தெனக் கொள்வோர் ஒரு சாரார். கருவியெனக் கொள்வோர் மறு சாரார். முதற்சாரார் அதனை வாங்குவர், அல்லது நன்கொடையாகப் பெறுவர், பொருட்பதிவேட்டில் எழுதுவர், அலுமாரியில் வைத்துப் பூட்டுவர், திறப்பைப் பொறுப்புள்ள ஒருவரின் மேசை லாச்சியில் இடுவர். ஆண்டுக்கொருமுறை கணக்கெடுப்பின்போது அலுமாரி திறக்கப்படும். கருவி உள்ளதென்று குறிக்கப்படும். அது வானத்தைக் கண்டதா என்று கேட்கும் நிரல் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. வானியற் கழகமொன்றை அழைத்து, கருவியை இயக்கவும் பேணவும் அவர்களிடம் கற்கலாமே என எவரேனும் கூறின், “விலையுயர்ந்த பொருளைப் பொழுதுபோக்காளர் கையிற் கொடுப்பதா?” என்ற வினா உடனே எழும். பொறுப்புணர்ச்சியின் குரல்போல ஒலிக்கும் இவ்வினா, பொறுப்பைத் தட்டிக்கழிப்பதற்கே பெரிதும் பயன்பட்டு வருகின்றது.

பூட்டிவைத்தல் பேணுதல் ஆகாது. ஈரப்பதன் மிக்க வெப்ப நாடுகளில், காற்றோட்டமற்ற இருளில் அடைபட்ட வில்லைகளின்மேற் பூஞ்சணம் படரும். அது சுரக்கும் அமிலம் முதலில் மேற்பூச்சையும் பின்னர் கண்ணாடியையுமே அரிக்கும். துடைத்தாலும் அத்தழும்பு நீங்காது. எனவே இலங்கை போன்றதொரு நாட்டில், ஐந்தாண்டு பத்திரமாகப் பூட்டப்பட்ட கருவி, ஐந்தாண்டு மாணவர் கைப்பட்ட கருவியிலும் கேடுற்றிருக்கக்கூடும். அலுமாரியைத் திறந்தவர் அடுத்துச் செய்வது இதனினும் கொடியது. தூசியைக் கண்டதும் கைக்குட்டையை எடுத்து ஆடியைத் துடைப்பார். தெறிப்புத் தொலைகாட்டியின் ஆடியிலுள்ள அலுமினியப் படலத்தின் தடிப்பு, ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கே. உலர்ந்த துணியின் கீழ்த் தூசித்துகள் ஒவ்வொன்றும் உளியாகின்றது. ஆடியிற் படிந்த சிறிது தூசி விம்பத்துக்கு விளைக்கும் ஊறு அற்பம். அதனை அகற்ற முனையும் கை விளைக்கும் ஊறோ நிரந்தரம். தொழிலறிந்தவர் இயன்றவரை ஆடியைத் தொடமாட்டார். கழுவியே ஆகவேண்டுமெனின், முதலில் நீரை ஓடவிட்டு, ஓரிரு துளி சவர்க்காரத் திரவம் கலந்த நீரில் நனைத்த பஞ்சினை அழுத்தாமல், அதன் சொந்தப் பாரத்தாலேயே இழுத்து, வடித்த நீரால் அலசிச் சாய்த்துவைப்பார். அழுத்தலாகாது என்பதை நூல் கூறும். எவ்வளவு மெதுவாக என்பதை அருகே நிற்பவரின் கையே காட்டும்.

“கருவியோடு வரும் கைநூலைப் பார்த்துச் செய்யலாமே” என்பாரும் உளர். அக்கைநூல் எங்கே எழுதப்பட்டது என்பதை அவர்கள் எண்ணிப்பார்ப்பதில்லை. புவிச்சுழற்சியை ஈடுசெய்து விண்மீனைத் தொடரும் தாங்கியின் அச்சு துருவத்தை நோக்கவேண்டும். அஃதாவது அவ்விடத்தின் அகலக்கோட்டளவுக்குக் கிடையிலிருந்து உயர்ந்திருக்கவேண்டும். கைநூலிலுள்ள படம் 40, 50 பாகையில் வாழ்வோருக்காக வரையப்பட்டது. யாழ்ப்பாணத்தில் அவ்வுயரம் 10 பாகைக்கும் சற்றுக் குறைவு. பேராதனையில் 7 பாகையளவே. தாங்கிகள் பல இவ்வளவு தாழ்வதேயில்லை. தாழ்ந்தாலும் எதிர்நிறைத் தண்டு முக்காலியின் காலில் மோதும். துருவமீனைக் கண்டு அச்சைப் பொருத்துக என்கிறது நூல். பேராதனையில் அது மரங்களுக்கும் குன்றுகளுக்கும் பின்னே மறைந்துகிடக்கும். இத்தொல்லையை ஏற்கெனவே பட்டுத் தீர்வுகண்டவர், அதே அகலக்கோட்டில் இரவுதோறும் கருவியோடு நிற்பவரேயாவர். அவரைக் கழகத்திலன்றி வேறெங்கே காண்பது?

வணிகர் செய்யும் கேடு வேறு. பெட்டியின்மேல் 500 மடங்கு உருப்பெருக்கம் என்று அச்சிடுவர். பொருள்வில்லையின் விட்டத்தில் அங்குலமொன்றுக்கு 50 மடங்கு என்பதே பொதுவாகக் கொள்ளப்படும் எல்லை. 60 மில்லிமீற்றர் வில்லைக்கு அது 120 அளவில் நின்றுவிடும். வாங்கியவரோ வலுக்கூடிய பார்வைத்துண்டையே முதலிற் செருகுவார். கலங்கிய ஒளிக்குழம்பொன்றைக் காண்பார். கருவி பழுதென்று முடிவுகட்டுவார். பழுதற்ற எத்தனையோ கருவிகள் இவ்வாறுதான் அலுமாரிக்குட் சென்றன. சூரியனைப் பொறுத்தவரை இவ்வறியாமை கண்ணையே பறிக்கவல்லது. பார்வைத்துண்டிற் பொருத்தும் சூரிய வடிகட்டி, குவிந்த வெப்பத்தால் வெடிக்கும். வடிகட்டி குழாயின் முன்வாயை முழுதும் மூடவேண்டும். இதனைச் சொல்லித்தர ஒருவருமின்றிக் கருவியை மாணவரிடம் கொடுப்பது குற்றம். அதற்காகக் கொடாமலே விடுவது தீர்வாகாது.

செய்வோன், பேணுவோன், பார்ப்போன் என்ற பிரிவினை வானியலின் இயல்பிலேயே உள்ளதன்று. 1781இல் யுரேனசைக் கண்ட வில்லியம் ஹேர்ஷல் பாத் நகரில் இசை பயிற்றி வாழ்ந்தவர். அக்காலத்து ஆடிகள் செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தாலானவை, விரைவிற் கறுத்துவிடும். மீண்டும் மெருகிட்டால் வளைவும் மாறக்கூடும். ஆதலால் ஆடியைப் பேணுவதென்பது ஏறக்குறைய அதனைப் புதிதாகச் செய்வதே. அவர் கையெடாது மணிக்கணக்கில் மெருகிட்டபோது, தங்கை கரோலின் அவருக்கு உணவூட்டினார். பின்னாளில் அவரே வால்வெள்ளிகளைக் கண்டறிந்த வானியலாளரானார். கைவேலை கற்றோர்க்கு இழிவு என்ற எண்ணம் அவ்வீட்டுட் புகுந்திருப்பின் யுரேனசை வேறெவரோ கண்டிருப்பர்.

ஐக்கிய அமெரிக்காவின் வெர்மண்ட் மாநிலத்து ஸ்பிறிங்பீல்ட், இயந்திரக் கருவிகள் செய்யும் ஆலைகளாற் பெயர்பெற்ற சிற்றூர். 1920இல் ரசல் போட்டர் என்பவர் அங்கு ஆடி தேய்க்கும் வகுப்பொன்றைத் தொடங்கினார். வந்தோர் பெரும்பாலும் ஆலைத் தொழிலாளர். அவ்வட்டத்திலிருந்து ஒரு கழகம் தோன்றிற்று. குன்றொன்றின்மேல் தமக்கெனக் கட்டிடமும் எழுப்பினர். 1925இல் ‘சயன்டிபிக் அமெரிக்கன்’ இதழ் அவர்களைப் பற்றி எழுதிய பின்னர் தொலைகாட்டி செய்யும் ஆர்வம் நாடெங்கும் பரவிற்று. பலோமார் மலையின் 200 அங்குலத் தொலைகாட்டி திட்டமிடப்பட்டபோது, அப்பணிக்கு அழைக்கப்பட்டோருள் போட்டரும் ஒருவர். பொழுதுபோக்காளரெனப் புறக்கணிப்போர் இச்செய்தியைச் சற்று நினைவிற் கொள்வது நன்று.

அறிஞர் கைகள் மட்டுமே பிழைசெய்யா என்பார்க்கு ஹபிள் விண்தொலைகாட்டி தக்க விடை. 1990இல் அது ஏவப்பட்ட பின்னரே, 2.4 மீற்றர் ஆடியின் விளிம்பு ஏறத்தாழ 2 மைக்ரோமீற்றர் கூடுதலாகத் தட்டையாக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. ஆடியைச் சோதித்த உபகரணத்தில் வில்லையொன்று 1.3 மில்லிமீற்றர் இடம்பிசகி இருந்தமையே காரணம். அதனிலும் எளிய வேறு சோதனைகள் பிழையைக் காட்டியே இருந்தன. நுட்பமான உபகரணம் தவறாதென்று நம்பியோர் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. 1993 டிசெம்பரில் விண்வெளிவீரர் சென்று குறையைச் சரிசெய்தனர். ஆடி தேய்ப்போர் ஓர் ஆடியை ஒரு சோதனையால் மட்டும் நம்பலாகாது. கத்திவிளிம்பிற் பார்ப்பதோடு விண்மீனிலும் பார்த்தல் நன்று. ஒருவர் பார்த்ததை மற்றவரும் பார்க்கும் வழக்கம் கழகத்தின் உயிர்நாடி.

கழகங்களெல்லாம் இவ்வாறு இயங்குகின்றன எனக் கொள்வதும் பேதைமை. ஆண்டுக் கூட்டமும் தேநீரும் பிரமுகர் உரையுமாகவே காலங்கழிக்கும் கழகங்கள் உள. தத்தம் விலைமிக்க கருவியைக் காட்டிப் பெருமைகொள்ளும் கனவான்களின் மன்றங்களும் உள. அத்தகையோரிடம் உதவி கேட்டுச் செல்லும் மாணவன் வெட்கத்தோடு திரும்புவான். ஆயின் வேறுவகைக் கழகங்களும் வரலாற்றில் இருந்தே வந்துள்ளன. 1890இல் தொடங்கிய பிரித்தானிய வானியற் சங்கம் தொடக்கம் முதலே பெண்களை அங்கத்தவராக ஏற்றது. அரச வானியற் சங்கம் அவர்களை ஏற்க 1916 வரை சென்றது. கருவியற்ற அங்கத்தவர்க்குக் கருவியை இரவல் கொடுக்கும் வழக்கமும் முன்னைய சங்கத்துக்கு உண்டு. சன்பிரான்சிஸ்கோவில் 1968இல் உருவான நடைபாதை வானியலாளர் குழு இன்னுமொருபடி சென்றது. அதன் வழிகாட்டியான ஜோன் டொப்சன் முன்னர் வேதாந்த மடத்துத் துறவி. ஒட்டுப்பலகையாலும் கடதாசிக் குழாயாலும் பெருந் தொலைகாட்டிகள் செய்து, தெருவிற் போவோர் வருவோர்க்கெல்லாம் சந்திரனைக் காட்டினார்.

இவ்வனைத்தினும் நியூ ஹம்ஷயர் மாநில வானியற் சங்கம் 2008இல் தொடங்கிய முயற்சியே கல்வி நிறுவனங்களுக்கு மிகப் பொருத்தமானது. பொது நூலகங்களுக்குச் சிறு தொலைகாட்டிகளை அது வழங்கிற்று. நூலை இரவல் பெறுவதுபோல எவரும் கருவியை வீட்டுக்கு எடுத்துச்செல்லலாம். சங்கம் வழங்கியதோடு விலகிவிடவில்லை. நூலகத்துக்கு ஓர் அங்கத்தவர் பொறுப்பேற்றார். கருவியைத் துடைப்பது, ஆடிகளை ஓரச்சுக்குக் கொண்டுவருவது, நூலக ஊழியருக்குப் பயிற்சியளிப்பது எல்லாம் அவர் கடன். இம்முறை பிற மாநிலங்களுக்கும் பரவியது, பேணுவோன் யாரென்று முதல்நாளே முடிவுசெய்யப்பட்டதனாலேயே எனல் மிகையன்று.

இன்று தாமே வானத்தைப் படம்பிடித்து, தாமே இலக்கைத் தேடி, விம்பத்தைக் கைத்தொலைபேசிக்கு அனுப்பும் தொலைகாட்டிகள் கிடைக்கின்றன. கழகம் இனி எதற்கு என்று சிலர் கேட்கின்றனர். அக்கருவியின் வில்லையிலும் பூஞ்சணம் படரும். அது பழுதுற்றால் திறந்து பார்க்கவும் இயலாத மூடிய பெட்டி என்பதே வேறுபாடு. ஆடியைச் சீர்செய்யத் தெரிந்த ஒருவரேனும் இல்லாத கல்லூரிக்கு, முன்னையதிலும் விலைகூடிய அலுமாரிப் பொருள் ஒன்று வந்துசேரும், அவ்வளவே.

பல்கலைக்கழகத்து வானியற் கழகமொன்று திறப்பைக் கேட்கும்போது நிர்வாகம் வழக்கமாக விடுக்கும் கேள்வி ஒன்றுண்டு: உடைந்தால் யார் பொறுப்பு? நியூ ஹம்ஷயரில் அதற்கு விடை எழுத்திலன்றி வேலையில் அமைந்தது. தொலையக்கூடிய மூடியைக் கயிற்றாற் கட்டினர். உருப்பெருக்கத்தை மாற்றவல்ல ஒரே பார்வைத்துண்டைக் குழாயோடு திருகாணியாற் பிணைத்தனர். பழுதானதைப் பொறுப்பேற்ற அங்கத்தவர் எடுத்துச்சென்று திருத்திக்கொடுத்தார். கருவி மீண்டும் நூலகத் தட்டில் அடுத்த இரவலாளருக்காக வைக்கப்பட்டது.