சம்பளச் சீட்டும் மனச்சாட்சியும்



கணவரின் இடமாற்றத்தால் நெடுங்கேணியில் குடியிருக்கும் ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். கணவர் அரச திணைக்களம் ஒன்றில் பொறியியலாளர். மாதாமாதம் அவரது சம்பளச் சீட்டில் வருமான வரி என்று ஒரு தொகை கழிபடுகிறது. "ஸகாத்தை நாங்கள் தனியே கொடுத்து வருகிறோம். அதில் எங்களுக்குக் குறையில்லை. ஆனால் இந்த வரிப் பணத்தில் பெரும் பகுதி அரசாங்கம் வாங்கிய கடனுக்கு வட்டி கட்டவே போகிறதாம். வட்டி வேண்டாமென்று ஒதுங்கி வாழ்கிற எங்களிடமே வட்டிக்குப் பணம் எடுப்பதா? என் மார்க்கம், என் மனச்சாட்சி இதை ஏற்கவில்லை என்று நீதிமன்றம் போக முடியுமா?" என்று கேட்கிறார்.

போகலாம். போனவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். வென்றவர்கள்தான் குறைவு. ஆனால் யார் தோற்றார்கள், யார் வென்றார்கள், ஏன் என்று பார்த்தால் சகோதரியின் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

நமக்குப் பக்கத்தில், தமிழ்நாட்டில் நடந்ததை முதலில் சொல்கிறேன். அங்கே அரச உதவி பெறும் கத்தோலிக்கப் பாடசாலைகளில் அருட்சகோதரிகளும் குருமாரும் ஆசிரியர்களாக இருக்கிறார்கள். சம்பளம் கொடுப்பது அரசு. ஆனால் துறவறம் பூணும்போதே இவர்கள் ஏழ்மையை நேர்ந்துகொண்டவர்கள். தமக்கென்று ஒரு சதமும் வைத்துக்கொள்வதில்லை. சம்பளம் முழுவதும் அவர்கள் சார்ந்த சபைக்குப் போய்விடும். திருச்சபைச் சட்டப்படி அவர்கள் உலக விவகாரங்களுக்கு இறந்தவர்கள் மாதிரி. 'சிவில் மரணம்' என்று சட்டத்தரணிகள் இதைச் சொல்வார்கள். இறந்தவருக்கு ஏது வருமானம், வருமானம் இல்லாதவருக்கு ஏது வரி என்பது அவர்கள் கட்சி.

இதற்கு அவர்களிடம் எழுத்தில் ஆதாரமும் இருந்தது. வெள்ளைக்காரர் ஆட்சியில், 1944 இல், வரி நிர்வாகமே ஒரு சுற்றறிக்கை விட்டிருந்தது. மிஷனரிகள் பெறும் கட்டணம் சபைக்கே சேர வேண்டியதாயின் அவர்களிடம் அதற்கு வரி கேட்க வேண்டாம் என்று. 1977 இலும் அதே கருத்தில் இன்னொன்று வந்தது. ஏறத்தாழ எழுபது வருடம் யாரும் வரி கேட்கவில்லை.

2014, 2015 அளவில் வரித் திணைக்களம் விழித்துக்கொண்டது. சம்பளம் கொடுக்கும்போதே வரியைக் கழியுங்கள் என்றது. சபைகள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயின. (இந்தியாவில் உயர் நீதிமன்றத்துக்கு மேலே டில்லியில் உச்ச நீதிமன்றம் இருக்கிறது. நம் நாட்டில் உயர் நீதிமன்றம் என்றால் அதற்கு மேல் இல்லை. குழம்ப வேண்டாம்.) தனி நீதிபதி சபைகளின் பக்கம் தீர்ப்புச் சொன்னார். 2019 மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்ந்து அதை மாற்றினார்கள். வழக்கு டில்லிக்குப் போய், கேரளத்து வழக்குகளும் கூடச் சேர்ந்து, தொண்ணூறுக்கு மேற்பட்ட மேன்முறையீடுகளாக நின்றது. 2024 நவம்பர் 7 அன்று தலைமை நீதியரசர் சந்திரசூட் தலைமையிலான அமர்வு அத்தனையையும் தள்ளுபடி செய்தது.

காரணம் சிக்கலானதல்ல. சம்பளம் வேலை செய்தவரின் பெயரில் வருகிறது. வந்த பிறகு அதை அவர் சபைக்குக் கொடுக்கிறாரா, அநாதை விடுதிக்குக் கொடுக்கிறாரா என்பது வரிக் கணக்குக்கு வெளியே உள்ள விஷயம். பழைய சுற்றறிக்கை பேசியது கட்டணத்தைப் பற்றி, சம்பளத்தைப் பற்றியல்ல. நாளை ஓர் இந்துப் பூசகரும் என் சம்பளத்தைப் பூசைக்கே கொடுத்துவிடுகிறேன் என்பார், அவருக்கும் வரி விடுவதா, சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே என்றும் விசாரணையில் கேட்கப்பட்டது.

தன் கையால் செலவழிக்காத பணத்துக்கு ஓர் அருட்சகோதரி வரிகாரியாவது மனதுக்குச் சங்கடம்தான். ஆனாலும் தீர்ப்பில் தவறு காண எனக்கு முடியவில்லை. நம் வீடுகளையே பாருங்கள். படிப்பிக்கும் சகோதரி சம்பளத்தை அப்படியே கணவர் கையிலோ மாமி கையிலோ கொடுத்துவிடுகிறார். அதனால் அது அவருடைய உழைப்பு இல்லையென்று ஆகிவிடுமா? மார்க்கம் அவரது உடைமையை அவருடையது என்றுதான் சொல்கிறது. அதன் ஸகாத்தும் அவர் பொறுப்பே. வரிச் சட்டமும் இந்த இடத்தில் அதே வழியில்தான் போகிறது. சம்பளத்தைக் கேட்டு வாங்கிக்கொள்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்!

நெடுங்கேணிச் சகோதரியின் கேள்வியோ வேறு. பணம் தம்முடையதுதான், அது போய்ச் சேரும் இடம்தான் பிடிக்கவில்லை என்கிறார். இப்படியும் வழக்குகள் வந்திருக்கின்றன. 1968 இல் இங்கிலாந்தில் ஒருவர், என் வரி அணுகுண்டு செய்யப் போகிறது, அது சர்வதேசச் சட்டத்துக்கே விரோதம் என்று வாதாடினார். பாராளுமன்றம் இயற்றிய சட்டத்துக்கு மேல் இல்லை என்று நீதிமன்றம் முடித்துவிட்டது.

அமெரிக்காவில் அமிஷ் என்றொரு கிறிஸ்தவப் பிரிவினர். குதிரை வண்டியில் போகிறவர்கள். முதியோரையும் இயலாதோரையும் சமூகமே பராமரிக்க வேண்டும், அரசாங்கத்தின் சமூகப் பாதுகாப்பு நிதியில் சேருவது பாவம் என்பது அவர்கள் நம்பிக்கை. சொந்தத் தொழில் செய்யும் அமிஷ்காரருக்கு 1965 இலேயே சட்டம் விலக்குக் கொடுத்தது. ஆட்களை வைத்து வேலை செய்வித்த ஒருவர் தமக்கும் விலக்கு வேண்டுமென்று வழக்குப் போட்டார். 1982 இல் உச்ச நீதிமன்றம் அவரது நம்பிக்கை உண்மையானது என்று ஒப்புக்கொண்டது. அப்படியிருந்தும் கட்டத்தான் வேண்டும் என்றது. யுத்தம் பாவம் என்பவர் யுத்தச் செலவுக்குரிய பங்கைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கட்டலாம் என்றால் வரி முறையே நடக்காது என்று அது சொன்ன காரணத்தில் 'யுத்தம்' இருக்கும் இடத்தில் 'வட்டி' என்று வைத்துப் பாருங்கள், சகோதரிக்குரிய பதிலும் அதுவே. கதை அத்தோடு முடியவில்லை. அமிஷ் முதலாளி, அமிஷ் தொழிலாளி இருவருமானால் விலக்கு என்று 1988 இல் சட்டசபையே கொடுத்துவிட்டது. நீதிமன்றத்தில் கிடைக்காதது சட்டமியற்றும் இடத்தில் கிடைத்தது.

நம் நாட்டுக்கு இது இன்னும் பொருந்தும். இலங்கை அரசியலமைப்பின் 10 ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, மதம் ஆகியவற்றின் சுதந்திரத்தைத் தருகிறது. உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போடலாம். ஆனால் அது நிறைவேற்று, நிர்வாகச் செயல்களுக்கு எதிராக. பாராளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றி முடித்த பிறகு அது செல்லுமா செல்லாதா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது. 80 ஆம் உறுப்புரை அப்படிப் பூட்டு வைத்திருக்கிறது. வரிச் சட்டத்தை எதிர்ப்பதானால் அது சட்டமூலமாக இருக்கும்போதே, குறித்த சில நாட்களுக்குள் ஓட வேண்டும்.

அப்படியானால் வென்றவர்களே இல்லையா? இருக்கிறார்கள். அதிலும் ஒரு பெண்மணி. அரசாங்கம் வரியோடு நில்லாமல் மார்க்கத்தின் கணக்கிலேயே கைவைத்த இடத்தில்.

பாகிஸ்தானில் ஜெனரல் ஸியாவுல் ஹக் 1980 இல் ஸகாத் சட்டம் கொண்டுவந்தார். றமழான் முதல் நாளன்று சேமிப்புக் கணக்குகளிலிருந்து நூற்றுக்கு இரண்டரை வீதம் தானாகவே கழிபடும். எங்கள் ஃபிக்ஹு வேறு என்று ஷீஆக்கள் அந்த ஜூலையில் இஸ்லாமாபாத்தில் பெருந்திரளாகக் கூடினார்கள். அரசு பணிந்தது. தம் ஃபிக்ஹின்படி இக்கழிவு கடமையில்லை என்று சத்தியக் கூற்றுக் கொடுப்பவருக்கு விலக்கு என்றாயிற்று. ஆனால் ஹனஃபி மத்ஹபினர் அதே கூற்றைக் கொடுத்தபோது ஏற்கப்படவில்லை. ஹனஃபியான ஒரு பெண் சிந்து உயர் நீதிமன்றம் ஏறினார். வென்றார். அரசு மேலே போயும் 1999 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கமே நின்றது. ஒரு மத்ஹபுக்குத் திறந்த கதவை இன்னொன்றுக்கு மூட முடியாதல்லவா?

ஸகாத் தர மறுத்தவர்களோடு அபூபக்ர் (ரலி) அவர்கள் போர் செய்தார்களே என்று சிலர் கேட்பீர்கள். அவர்கள் ஆட்சிக்குத் தருவதையே நிறுத்திக்கொண்டவர்கள். இந்தப் பெண் அப்படியல்ல. என் ஸகாத்தை நானே கணக்குப் பார்த்து உரியவருக்குக் கொடுக்கிறேன் என்றவர். கையிலுள்ள பணம் போன்ற மறைவான செல்வங்களின் ஸகாத்தை உடையவர்களே கொடுக்கும்படி உஸ்மான் (ரலி) அவர்கள் விட்டார்கள் என்பதை ஹனஃபி அறிஞர்கள் எடுத்துக்காட்டுவதுண்டு. இதில் ஒரு கசப்பும் உண்டு. றமழான் பிறக்குமுன் வங்கியில் பணத்தை எடுத்துவிட்டுப் பிறகு போட்டுக்கொள்ளும் பழக்கம் அங்கே பெருகிவிட்டது. அவர்களில் எத்தனை பேர் வீட்டுக்குப் போய்க் கணக்குப் பார்த்தார்களோ, அல்லாஹ் அறிவான்.

மலேசியா வழக்கில்லாமலே ஒரு வழி செய்திருக்கிறது. அங்கே ஒருவர் முறையாகச் செலுத்திய ஸகாத்தை அவரது வருமான வரித் தொகையிலேயே கழித்துவிடுகிறார்கள். இலங்கையில் அவ்வளவு இல்லை. 2017 ஆம் ஆண்டின் உள்நாட்டு இறைவரிச் சட்டத்தில், நோயாளரையும் வறியோரையும் பராமரிக்கும் அங்கீகரிக்கப்பட்ட தர்ம நிறுவனத்துக்குப் பணமாகக் கொடுத்த நன்கொடையை வருமானத்திலிருந்து கழித்துக் காட்டலாம். தனிநபருக்கு வரிக்குரிய வருமானத்தின் மூன்றிலொன்று அல்லது 75,000 ரூபா, இரண்டில் எது குறைவோ அதுவே எல்லை. கொடுக்குமுன் அந்த நிறுவனம் அங்கீகாரம் பெற்றதா என்று கேட்டு, பற்றுச்சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். வரி கட்டுபவர் கணவராக இருக்க, சீட்டை மனைவி பெயரில் எழுதி வாங்கினால் பயனில்லை.