வண்டியைத் திரும்ப அழைத்த செய்தி இரண்டாம் கை உரிமையாளருக்கு எட்டுமா?



புதிய மாடல் பைக் வந்ததும் முதல் வரிசையில் நின்று வாங்குவோர் எங்கள் பகுதியில் ஏராளம். அந்தப் புதுமையின் கோளாறுகளைச் சுமப்பதும் அவர்களே. 2020 நவம்பரில் ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350 அறிமுகமானது. 2021 மே மாதமே மீட்டியார், கிளாசிக், புல்லட் வண்டிகளில் 2,36,966-ஐ அந்நிறுவனம் திரும்ப அழைத்தது. இக்னிஷன் காயில் பழுதால் இன்ஜின் திணறலாம், அரிதாக மின்கசிவும் ஏற்படலாம் என்று அதுவே அறிவித்தது. மறைக்காமல் சொன்னதைப் பாராட்டுகிறேன்.

ஆனால் அந்தச் செய்தி யாருக்குப் போய்ச் சேர்ந்தது? நிறுவனத்தின் பதிவேட்டில் இருப்பது பெரும்பாலும் முதலில் வாங்கியவரின் பெயரும் பழைய கைபேசி எண்ணும்தான். சூலக்கரையிலிருந்து சிவகாசிப் பக்கம் விடியற்காலையில் வேலைக்குக் கிளம்புகிறவர்களில் பலர் ஓட்டுவது இரண்டாம் கை, மூன்றாம் கை மாறிய வண்டி. நான்குவழிச் சாலையில் லாரிகளுக்கு நடுவே இன்ஜின் அணைந்தால் உயிருக்கே ஆபத்து.

2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மத்திய விதிகளின்படி, ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்ட வண்டிகளில் குறைபாட்டுப் புகார்கள் குறிப்பிட்ட அளவை எட்டினால் அரசே திரும்ப அழைக்க உத்தரவிடலாம். புகார் செய்ய இணையதளம் உண்டு என்பதே இங்கு எத்தனை மெக்கானிக்குகளுக்குத் தெரியும்? பெயர் மாற்றத்துக்கு வருகிறவரிடம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் சேஸிஸ் நம்பரைச் சரிபார்த்து, திரும்ப அழைக்கப்பட்ட வண்டியா என்று அங்கேயே தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

– வாசகர், சூலக்கரை, விருதுநகர் மாவட்டம்